வைட்டமின் தேடிய புறா, விஷத்தை முறித்த மருந்து: யார் இந்த ருடால்ஃப் பீட்டர்ஸ்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி வந்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்தின் முக்கியமான தொழிற்பகுதி இது. சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இரும்பு ஆலைகள், உலோக ஆலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் எல்லாம் இயங்குகின்றன. ஆலை மதிலுக்கு இந்தப் பக்கம் ஊர். ஊருக்குள் கொல்லைப்புறத்தில் நாலைந்து நாட்டுக்கோழிகள்.

கோழிக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டில் தீவனம் வைத்தாலும் மண்ணைக் கிளறித்தான் தின்னும். அரவைப்பைக்குத் தேவை என்பதால் சின்னச் சின்னக் கல்லையும் சேர்த்து விழுங்கும். மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் படிந்திருந்தால் அதுவும் உள்ளே போகும். அங்கிருந்து முட்டைக்கும் கறிக்கும் வரும்.

சரி, கோழிக்கு வைட்டமின் டானிக் கொடுத்தால் இந்த நஞ்சிலிருந்து தப்பிக்குமா? கோழி வளர்க்கிறவர்கள் பலரும் கேட்கிற கேள்விதான் இது. இதற்குப் பதில் தேடினால், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் புறாக்களை வைத்து ஆய்வு செய்த ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம். அவர் பெயர் ருடால்ஃப் ஆல்பர்ட் பீட்டர்ஸ். வைட்டமினும் உலோக நஞ்சும் உடலுக்குள் எந்த இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் இவர். உலோக நஞ்சுக்கு எதிரான முதல் நவீன முறிமருந்தும் இவரது ஆய்வகத்தில்தான் பிறந்தது.

யார் இந்தப் பீட்டர்ஸ்? விரிவாகப் பார்க்கலாம்.

கோழிக்கூண்டில் தொடங்கிய கதை

பீட்டர்ஸ் பிறந்தது 1889 ஏப்ரல் 13, லண்டனில். அவர் பிறந்த அதே காலகட்டத்தில், இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஒரு டச்சு மருத்துவர் கோழிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்டியான் எய்க்மான்.

அங்கே படைவீரர்களையும் சிறைக்கைதிகளையும் பெரிபெரி என்ற நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் செயலிழக்கும். கிருமிதான் காரணம் என்று நினைத்து எய்க்மான் தேடிக்கொண்டிருந்தார். அப்போது ஆய்வகக் கோழிகளுக்கும் அதேபோல கால் விளங்காமல் போனது. விசாரித்தால் விஷயம் சப்பென்று இருந்தது. அந்தக் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்ததும், கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது. கோழிகள் எழுந்து நடந்தன.

தவிட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. அந்த ஏதோ ஒன்றுதான் பின்னாளில் வைட்டமின் பி1, அதாவது தயமின். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரடெரிக் கவுலண்ட் ஹாப்கின்ஸ். இந்த ஹாப்கின்ஸின் துறையில் பணியாற்றியவர்தான் பீட்டர்ஸ்.

நம்ம குன்னூரிலும் புறாக்கள்

இதே ஆராய்ச்சி தமிழ்நாட்டிலும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில், 1918 முதல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி பற்றி ஆராய்ந்தார். அவரும் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்துப் பார்த்தார். நரம்பு மட்டும் கெடவில்லை, குடல் உள்பட உடம்பின் பல உறுப்புகளும் சுருங்கி நலிந்துபோவதைப் பதிவு செய்தார். குன்னூரில் அவர் வளர்த்த ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அன்றைய சென்னை மாகாணத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடும். நம்ம வீட்டுப் புழுங்கல் அரிசி சத்தமில்லாமல் செய்த வேலை இது.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் விடை இல்லை. வைட்டமின் இல்லாவிட்டால் நோய் வருகிறது, சரி. உடலுக்குள் எந்த இடத்தில், எந்த வேலை நின்றுபோகிறது? அதைத்தான் பீட்டர்ஸ் கண்டுபிடித்தார்.

பதுங்குகுழியிலிருந்து ஆய்வகத்துக்கு

பீட்டர்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். பிறகு லண்டனில் மருத்துவமும் படித்தார். 1912-லேயே ஒரு முக்கியமான விஷயத்தை அளந்து காட்டினார். இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஓர் இரும்பு அணு, ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது என்ற கணக்கு அது. உடலுக்குள் ஓர் உலோகம் எங்கே உட்காருகிறது, என்ன செய்கிறது என்ற கேள்வி அவருக்குப் புதிதல்ல.

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. பீட்டர்ஸ் ராணுவ மருத்துவரானார். போர்முனையில் காட்டிய துணிச்சலுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் ஒரு முறை அல்ல, இரண்டு முறை வழங்கப்பட்டது.

அந்தப் போரில்தான் விஷவாயு பெரிய அளவில் ஆயுதமானது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் வாயுவைப் பயன்படுத்தின. விஷவாயு பற்றி ஆராய 1917-ல் பீட்டர்ஸ் போர்முனையிலிருந்து இங்கிலாந்தின் போர்ட்டன் ஆய்வு மையத்துக்கு வரவழைக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஹாப்கின்ஸின் துறையில் சேர்ந்தார். 1923-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரை உயிர்வேதியியல் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது 34. அடுத்த 31 வருஷம் அந்த நாற்காலி அவருடையது.

புறாவின் தலை ஏன் பின்னால் சாய்ந்தது?

ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் கையில் எடுத்தது வைட்டமின் பி1. உதவிக்கு வந்தவை புறாக்கள்.

புறாவுக்குத் தீட்டிய அரிசி மட்டும் கொடுத்தால், மூன்று வாரம் போல ஆனதும் அதன் தலை பின்பக்கமாக வளைந்து முதுகைத் தொடும். நிற்க முடியாது. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். பி1 குறைந்த கோழிக்குஞ்சும் இப்படித்தான் கழுத்தை மடக்கி வானத்தைப் பார்த்தபடி உட்காரும்.

ஆச்சரியம் எது தெரியுமா? சாகக்கிடந்த அந்தப் புறாவுக்கு வைட்டமினை ஊசியில் செலுத்தினால், சில மணி நேரத்தில் எழுந்து நின்றது.

பீட்டர்ஸ் இங்கேதான் யோசித்தார். நரம்பு அழுகிப்போயிருந்தால் இவ்வளவு சீக்கிரம் சரியாகுமா? ஆகாது. அப்படியானால் உறுப்பு சிதையவில்லை. உள்ளே ஏதோ ஒரு வேதிவேலை தடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதைச் சோதிக்க, நோயுற்ற புறாவின் மூளைத் திசுவைக் குடுவையில் வைத்து, அது எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறது என்று அவரது குழு அளந்தது. ஆரோக்கியமான புறாவின் மூளையைவிட அது குறைவாக எடுத்தது. குடுவையில் துளி வைட்டமின் பி1 சேர்த்தார்கள். ஆக்ஸிஜன் எடுக்கும் அளவு ஏறியது. ஆரோக்கியமான புறாவின் மூளைத் திசுவில் அதே வைட்டமினைச் சேர்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆக, பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது. நாம் சாப்பிடும் மாவுச்சத்து உடலில் சர்க்கரையாகி, அது உடைந்து பைருவேட் என்ற பொருளாகிறது. அந்தப் பைருவேட் செல்லின் அடுப்பில் எரிந்தால்தான் உயிருக்குச் சக்தி. பி1 இல்லாவிட்டால் பைருவேட் எரியாமல் தேங்குகிறது. நெல் மில்லில் ஒரு பெல்ட் அறுந்தால் அந்த இடத்தில் நெல் குவிந்துகொண்டே போகும் இல்லையா, அதுபோல. சர்க்கரையை நம்பியே வாழும் மூளைதான் முதலில் அடிவாங்குகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியாத, ஆனால் வேதியியலில் தெரிகிற இந்தப் பழுதுக்கு 1931-ல் பீட்டர்ஸும் உடன் ஆய்வு செய்த கவ்ரிலெஸ்குவும் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் உயிர்வேதிப் பழுது எனலாம். நோய் என்றால் உறுப்பு கெடுவது என்று மட்டுமே நினைத்திருந்த மருத்துவ உலகுக்கு, அது புதிய பார்வை.

1939: வைட்டமின் ஆய்வகத்துக்கு வந்த போர் வேலை

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. மறுபடியும் விஷவாயு வரும் என்று பிரிட்டன் பயந்தது. அதிகம் அச்சுறுத்தியது லூயிசைட். வின்ஃபோர்ட் லீ லூயிஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1918-ல் ஆயுதமாக உருவாக்கியது இது. அவர் பெயரே அதற்கும் வந்தது. தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே போகும், உள்ளே போனால் உயிரே போகும். அதன் மையத்தில் இருப்பது ஆர்சனிக், அதாவது பாஷாணத்தில் இருக்கும் அதே பொருள்.

வேதியியல் வகைப்பாட்டில் ஆர்சனிக் முழு உலோகம் கிடையாது. ஆனால் நஞ்சு என்று வரும்போது ஈயம், பாதரசம், காட்மியத்தோடு சேர்த்தே கன உலோகப் பட்டியலில் வைத்துப் பேசுவது வழக்கம்.

இதுக்கு முறிமருந்து கண்டுபிடிக்கும் வேலை பீட்டர்ஸ் குழுவிடம் வந்தது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி தயாராக இருந்தது. அதே மூளைத் திசு, அதே குடுவை, அதே ஆக்ஸிஜன் அளவு. ஆர்சனிக் சேர்மத்தை அதில் சேர்த்துப் பார்த்தால், பைருவேட் எரிவது நின்றுபோனது. பி1 இல்லாத புறாவின் மூளையில் எந்த வேலை தடைபட்டதோ, அதே வேலையைத்தான் ஆர்சனிக்கும் தடுத்தது!

ஒரு பக்கம் வைட்டமின் குறைபாடு. இன்னொரு பக்கம் விஷம். இரண்டும் செல்லுக்குள் ஒரே வாசலில் வந்து நின்றன.

இதன் முழுக் காரணம் 1950-களில்தான் தெளிவானது. பைருவேட்டை எரிக்கும் அந்த நொதிக் கூட்டத்தில் பி1 ஒரு படியில் வேலை செய்கிறது. அடுத்த படியில் வேலை செய்வது லிப்போயிக் அமிலம். அதில் இரண்டு கந்தக-ஹைட்ரஜன் கைகள் அருகருகே இருக்கின்றன. ஆர்சனிக் வந்து அந்த இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து முடக்கிவிடுகிறது.

இரண்டு கைக்கு இரண்டு கை

ஆர்சனிக் கந்தகத்தைத் தேடிப் பிடிக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதனால் ஒற்றைக் கந்தகக் கை கொண்ட பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் போதவில்லை. ஆர்சனிக் பிடியை விடவில்லை.

பீட்டர்ஸின் சக ஆய்வாளர்கள் லாயிட் ஸ்டாக்கனும் ராபர்ட் தாம்சனும் முடியில் இருக்கும் கெரட்டின் புரதத்தை வைத்து ஆராய்ந்தார்கள். ஆர்சனிக் பெரும்பாலும் புரதத்தின் இரண்டு கந்தகக் கைகளைப் பிடித்து, ஒரு வளையம்போல இறுகிக்கொள்கிறது என்பது தெரிந்தது. அப்படியானால் முறிமருந்துக்கும் இரண்டு கை வேண்டும். அருகருகே வேண்டும். அப்போதுதான் புரதத்தைவிடப் பலமாக இழுத்து ஆர்சனிக்கைப் பறிக்க முடியும்.

1940-ல் அப்படி ஒரு சின்ன மூலக்கூறை உருவாக்கினார்கள். வேலை செய்தது. விஷம் பட்ட பிறகு கொடுத்தாலும், நின்றுபோன வேலை மறுபடி ஓடியது. இன்று அதன் மருத்துவப் பெயர் டைமெர்கேப்ரால். அன்று அது பி.ஏ.எல்., அதாவது பிரிட்டிஷ் ஆன்டி லூயிசைட். போர் முடியும்வரை ரகசியம். 1945-ல்தான் நேச்சர் இதழில் உலகுக்குத் தெரிவித்தார்கள்.

ஐரோப்பியப் போர்க்களத்தில் லூயிசைட் தாக்குதல் வரவே இல்லை. ஆனால் மருந்து வீணாகவில்லை. அந்தக் காலத்தில் சிஃபிலிஸ் நோய்க்கு ஆர்சனிக் கலந்த மருந்துதான் கொடுத்தார்கள். அதனால் நஞ்சேறிய நோயாளிகளை இது காப்பாற்றியது. பிறகு பாதரசம், தங்க மருந்துகளின் நஞ்சு என்று பயன்பாடு விரிந்தது. உடலில் செம்பு தேங்கி மூளையையும் கல்லீரலையும் கெடுக்கும் வில்சன் நோய் என்ற பரம்பரை நோய்க்கு முதலில் பலன் தந்த மருந்தும் இதுவே.

ஈயத்துக்கு என்ன செய்கிறது?

ஈயம் இரத்தம் உருவாகும் வேலையைக் கெடுக்கும். ஹீமோகுளோபின் தயாரிக்கும் நொதி ஒன்றில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் இரத்தசோகை. குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியும் பாதிக்கும்.

ஈய நஞ்சு மூளைவரை ஏறிய குழந்தைகளுக்கு, டைமெர்கேப்ராலையும் கால்சியம் இடிடிஏ என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது சிகிச்சை முறை. டைமெர்கேப்ராலைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் கெட்டுவிடும். அதனால் கடலை எண்ணெயில் கரைத்துத் தசையில் ஊசியாகப் போடுகிறார்கள். நல்ல வலி எடுக்கும். பின்னாளில் இதே இரண்டு கந்தகக் கை யோசனையில், வாய்வழியாகக் கொடுக்கும் சக்சிமர் என்ற மருந்து வந்தது. ஈய நஞ்சேறிய குழந்தைகளுக்காக 1991-ல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா உலோகத்துக்கும் இது பொருந்தாது. காட்மியம் நஞ்சுக்கு டைமெர்கேப்ரால் கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கேடு கூடும். எந்த உலோகம் என்று தெரியாமல் முறிமருந்து கொடுக்கவே கூடாது.

மாடுகளைக் கொன்ற செடி

பீட்டர்ஸ் இதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் கால்நடைகளைக் கொல்லும் ஒரு செடி உண்டு. அதில் உள்ள ஃப்ளூரோஅசிட்டேட் என்ற பொருள் குடுவையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உயிருள்ள உடலில் போனால் கொல்கிறது. ஏன்? உடலே அதைத் தன் சொந்த நொதிகளால் வேறொரு பொருளாக மாற்றுகிறது, அந்தப் புதுப்பொருள்தான் செல்லின் அடுப்பை அணைக்கிறது என்று பீட்டர்ஸ் குழு கண்டறிந்தது. உடல் தானே தனக்கு விஷம் தயாரித்துக்கொள்வது என்ற கருத்தை அவர் முன்வைத்தது இந்த ஆய்விலிருந்துதான்.

1952-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1954-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலிக்கு வந்தவர் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் கிரெப்ஸ். அவரும் தன் புகழ்பெற்ற ஆய்வைப் புறாவின் நெஞ்சுத் தசையை வைத்துச் செய்தவர்தான்.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். கேம்பிரிட்ஜ் அருகே பேப்ரஹாமில் உள்ள விலங்கு உடலியல் நிறுவனத்தில் 1959 வரை உயிர்வேதியியல் பிரிவை நடத்தினார். உலக அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1958 முதல் 1961 வரை தலைவராக இருந்தார். 1982 ஜனவரி 29-ல் மறைந்தார். அப்போது வயது 92.

அப்போ, வைட்டமின் கோழியைக் காப்பாற்றுமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பதில்: ஓரளவு. ஆனால் எதிலிருந்து காப்பாற்றும், எதிலிருந்து காப்பாற்றாது என்பதைப் பிரித்துப் பார்க்கணும்.

ஈயமும் காட்மியமும் பாதரசமும் கந்தகக் கைகளைப் பிடிக்கும் குணம் உள்ளவை. செல்லைப் பாதுகாக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளிலும் அந்தக் கை உண்டு. உலோகம் அதைப் பிடித்துக்கொண்டால் செல்லின் காவல் குறைகிறது. ஆக்ஸிஜனேற்றச் சேதம் கூடுகிறது.

வைட்டமின் ஈ செல்லின் சவ்வைக் காக்கிறது. செலினியம் அதற்குத் துணை. வைட்டமின் சி-யை மனிதனைப்போல வெளியிலிருந்து வாங்க வேண்டிய தேவை கோழிக்குக் கிடையாது, அதன் உடலே தயாரித்துக்கொள்ளும். ஆனால் நஞ்சும் வெயிலும் வாட்டும்போது அது போதாமல் போகலாம். ஈயமும் காட்மியமும் கொடுத்த கோழிகளுக்கு இந்த வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கல்லீரல், சிறுநீரகச் சேதம் குறைந்திருக்கிறது. மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறும்போது, கால்சியம் இடிடிஏ-வோடு வைட்டமின் பி1 ஊசியும் சேர்த்துப் போடுவது உண்டு. பீட்டர்ஸின் புறாவுக்குக் கொடுத்த அதே வைட்டமின்தான்.

கால்சியம் முக்கியம். ஈயமும் கால்சியமும் குடலில் ஒரே வழியில் போட்டி போடும். கால்சியம் குறைந்த கோழி ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். முட்டையிடும் கோழிக்கு ஓட்டுக்காக நிறையக் கால்சியம் செலவாகிறது. அதனால் கிளிஞ்சல் கொடுப்பது முட்டை ஓட்டுக்கு மட்டுமல்ல, இதற்கும் நல்லது.

ஆனால் கவனிங்க. வைட்டமின் செய்வது சேதத்தைத் தாங்க உதவுவது. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் வேலை வேறு. அதற்காகத்தான் பீட்டர்ஸ் குழு தனியாக ஒரு மருந்தையே உருவாக்க வேண்டியிருந்தது. டானிக் குடித்த கோழி நோயில்லாமல் நடமாடலாம், முட்டையும் இடலாம். அதன் எலும்பிலும் கல்லீரலிலும் முட்டைக் கருவிலும் ஈயம் இருந்தால், அது இருக்கத்தான் செய்யும். அந்த முட்டையைச் சாப்பிடுவது வீட்டுக் குழந்தை. வைட்டமின் காப்பது கோழியை. முட்டை சாப்பிடுகிறவரை அது காக்காது.

வாடிய கோழி ஒரு எச்சரிக்கை மணி. காரணத்தைத் தேடாமல் டானிக் மட்டும் கொடுத்துத் தேற்றினால், அந்த மணியின் சத்தத்தை நாமே அடக்குகிறோம் என்று அர்த்தம்.

தொழிற்பகுதி அருகே கோழி வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஈயம் ஏறிய கோழி சரியாகத் தின்னாது, மெலியும், முட்டை குறையும், கால் இறக்கை தளரும், பச்சையாகக் கழியும். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் பச்சைக் கழிச்சலும் வாதமும் வருவதால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். தடுப்பூசி போட்டும் கோழிகள் தொடர்ந்து வாடினால், அருகில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஆலைப் பகுதி என்பதையும் சொல்லுங்க. இறந்த கோழியைப் புதைத்துவிடாமல் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில், பக்கத்திலேயே இருக்கிறது.

தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வைங்க. கிளறும் இடத்தில் வேறு இடத்து நல்ல மண்ணைக் கொட்டி உயர்த்தலாம். உடைந்த பேட்டரி, பழைய பெயின்ட் உதிர்ந்த சுவர், குப்பை எரித்த சாம்பல் பக்கம் கோழியை விடக் கூடாது. ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் குடிக்க விடக் கூடாது. ஈய ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த உடுப்போடு கூண்டுக்குள் போகாமல், குளித்து மாற்றிவிட்டுப் போவது குழந்தைக்கும் நல்லது, கோழிக்கும் நல்லது.

இதெல்லாம் வீட்டளவில் செய்யக்கூடியது. ஈயம் மண்ணுக்கு வராமல் தடுக்கிற பொறுப்பு கோழி வளர்ப்பவருடையது அல்ல. பழைய பேட்டரியை யார், எப்படிச் சேகரித்து உருக்கணும் என்று 2001-ல் ஒரு விதி வந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. உரிமம் இல்லாத உலை, வடிகட்டி இல்லாத புகைபோக்கி கண்ணில் பட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுக்கலாம். கோழிகள் மேயும் மண்ணையும், அவை இடும் முட்டையையும் சோதிக்கச் சொல்லி ஊராட்சி மூலமாக மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுக்கலாம். எந்த உலோகம், எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.